மெழுகு வழியே பொன்

ஓசூர் என்றதும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கடிகாரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சுவாமிமலைச் செப்புத் திருமேனிக்கும் இந்தத் தொழில் நகருக்கும் மெழுகு வழியாக ஓர் உறவு உண்டு. தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் முதலில் ஓசூரில் கடிகாரம் செய்தது. 1990-களில் அதே ஊரில் அதன் தனிஷ்க் நகை ஆலையும் வந்தது. நுண்ணளவுக்குப் பழகிய ஊரில் நகை செய்யும் பத்தர்களின் வேலை கணினியோடு கூடியது இப்படித்தான்.

இத்தகைய ஆலைகளில் நகையின் உருவைக் கணினியில் வரைகிறார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் அதை முடியிழையினும் மெல்லிய அடுக்குகளாக மெழுகில் எழுப்புகிறது. பல மெழுகு உருக்களை ஒரு தண்டில் கிளைகளாக ஒட்டி, சுற்றிலும் மாவுக்கலவை ஊற்றி இறுகவைத்துச் சூளையில் இடுகிறார்கள். மெழுகு வெளியேறிய வெற்றிடத்தில் உருகிய தங்கம் பாய்கிறது. சுவாமிமலை ஸ்தபதி தேன்மெழுகில் கரு செய்து, காவிரி வண்டல் பூசி, சுட்டு, உலோகம் ஊற்றுவதும் இதே முறைதான். கருவை நிறுத்துப் பார்த்து உலோகத்தின் அளவைக் கணிப்பதுகூட இரண்டுக்கும் பொது. 22 காரட் தங்கத்துக்கு மெழுகின் எடையைப் போல ஏறத்தாழ 18 மடங்கு வேண்டும். ஆகவே, கணினி இங்கே மரபை அகற்றவில்லை. அதன் முதல் படியை மட்டும் கையிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதே என் கருத்து.

அந்த முதல் படியில்தானே கலை இருந்தது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஸ்தபதியின் கரு ஒரே சிலையோடு உருகிப்போகும். கணினிக் கோப்போ ஆயிரம் மோதிரங்களைப் பெறும். ஒவ்வொன்றும் தனி என்ற பெருமை இங்கே குறைந்துதான் போகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வார்ப்பிலிருந்து வரும் தங்கம் சொரசொரப்பான, மங்கிய துண்டு. அரம் போட்டு, பற்றவைத்து, மெருகேற்றி, கல்லை உடைக்காமல் பற்களை மடக்கிப் பதிக்க இன்றும் பயின்ற கை வேண்டும். அதைவிட முக்கியமானது வரைவிலேயே இருக்கிறது. தங்கம் ஆறும்போது சுருங்கும். மிக மெல்லிய இடுக்கில் பாயாமல் நின்றுவிடும். மெருகேற்றும்போது கொஞ்சம் தேயும். இவற்றை அறியாதவர் வரைந்த அழகான கோலம் வார்ப்பில் குறைப்பட்டே வரும். எவ்வளவு கூட்டி வரைய வேண்டும், எந்த இடத்தில் தடிமன் விட வேண்டும் என்பதைப் பட்டறையில் உட்கார்ந்து பழகியவர்தான் சொல்ல முடியும். அவர் சொன்னது கோப்பில் ஏறிய பிறகுதான் இயந்திரம் முதல் துளி மெழுகை வைக்கிறது.