சுண்டிக்குளத்துக்கு நாள் குறிப்பது தண்ணீர்தான்

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து வடக்கே போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காலங்களில்தான் போகிறார்கள். ஒன்று, ஓகஸ்ட் மாதத்தை ஒட்டிய நல்லூர்த் திருவிழா. மற்றது, டிசம்பர் விடுமுறை. சொந்தபந்தங்களைப் பார்க்க இரண்டும் நல்ல காலம். சுண்டிக்குளம் தேசியப் பூங்காவைப் பார்க்க இரண்டுமே பொருந்தாது. ஓகஸ்ட்டில் அங்குள்ள களப்பு பல இடங்களில் வற்றி, வெடித்த சேறும் உப்புப் படிவுமாகக் கிடக்கும். டிசம்பரில் மாரி மழை கொட்டும். மணல் பாதையில் வாகனம் புதையும்.

முதலில் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள். சுண்டுக்குளி யாழ்ப்பாண நகரத்துக்குள் இருக்கிறது. சுண்டிக்குளம் ஆனையிறவுக்குக் கிழக்கே, குடாநாடும் வன்னிப் பெருநிலமும் சந்திக்கும் கரையோரம். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த இடம் 2015இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 19,565 ஹெக்டயர்.

இங்கே பறவைகளின் நாட்காட்டி தண்ணீரின் ஆழம். வடகீழ்ப் பருவமழையில் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிஞ்சியதைக் களப்பில் சேர்க்கிறது. வெள்ளம் பெருகினால் கரையோர மணல்திட்டு உடைந்து தொடுவாய் திறக்கும். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும். மழை ஓய்ந்ததும் வெயிலும் காற்றும் நீரை உறிஞ்சத் தொடங்கும். களப்பு ஆழமற்றது என்பதால், நீர் சில அங்குலம் இறங்கினாலே பெரும் சேற்றுவெளி வெளிப்படும். நீர் நிறைந்திருக்கும்போது ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதக்கும். வற்ற வற்ற, உள்ளான்கள் ஓரச் சேற்றில் இரை கிண்டும். முழங்கால் ஆழ நீர் பூநாரைக்கு உரியது.

பூநாரை உண்பதைக் கூர்ந்து பாருங்கள். வளைந்த அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீருக்குள் வைக்கும். தடித்த நாக்கு பம்பி போல் ஒரு நொடிக்குள் பலதடவை முன்பின் அசைந்து நீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரத்துச் சீப்புப் பற்கள் நுண்ணிய இறால்களையும் பாசியையும் வடித்தெடுக்கும். அந்த இரையிலுள்ள கரோட்டினொயிட் நிறமிகளே அதன் இறகைச் சிவக்க வைக்கின்றன. பூநாரை இலங்கையில் கூடு கட்டுவதில்லை. நமக்கு அண்மையிலுள்ள பெரிய இனப்பெருக்கத் தளம் குஜராத்தின் கச்சு உப்புவெளி.

ஆகவே மழை ஓய்ந்து நீர் இறங்கும் காலமான தைப்பொங்கலுக்கும் மகா சிவராத்திரிக்கும் இடையில் நாள் குறியுங்கள். மழை பிந்திய வருடமென்றால் பயணத்தையும் பிற்போடுங்கள். கொழும்பிலிருந்து ஆனையிறவு ஏறத்தாழ 350 கிலோமீற்றர். காலி வீதியில் இரவு பஸ் ஏறினால் விடியலில் வடக்கில் இறங்கலாம். ஆனால் அன்றே பூங்காவுக்கு ஓடாமல் கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ தங்கி, மறுநாள் விடியுமுன் வாகனம் பிடிப்பதே நல்லது. வெயில் ஏறினால் கானல் எழுந்து தொலைநோக்கியில் எல்லாமே நடுங்கும். வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி, பாதை நிலைமை இரண்டையும் விசாரியுங்கள். குடிநீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். பயணத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை பெல்லன்வில – அத்திடிய சரணாலயத்தில் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்; அது வெள்ளவத்தைக்குப் பக்கம்தான்.

இது ஆளில்லாத காடு அல்ல. கட்டைக்காடு, வெற்றிலைக்கேணிக் கரை 2004இல் சுனாமியையும் அதற்கு முன்னும் பின்னும் போரையும் தாங்கியது. பூங்கா எல்லையும் தொழில் எல்லையும் உரசும் இடத்தில்தான் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவரை வழிகாட்டியாக அழைத்து, உரிய கூலியைக் கொடுங்கள். எந்த மணல்திட்டு உடைந்தது, எங்கே சேறு ஆளை விழுங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் பாதையை விட்டு ஓர் அடியும் விலகாதீர்கள்.

பறவைகளை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள்; ட்ரோன் வேண்டவே வேண்டாம். தை, மாசியில் அவை இரை தின்று சேர்ப்பது திரும்பிப் போகும் பயணத்துக்கான கொழுப்பு. நாம் ஒருமுறை விரட்டினால், அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு வீணாக எரிகிறது. தூரத்தில் நின்று பாருங்கள்.