குடிச்சது சாராயமில்ல, மெத்தனால்! சட்டம் என்ன சொல்லுது?

ஜவ்வாது மலையில் சாராய ஊறல் அழிப்புன்னு செய்தி வந்தா, ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவோம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை அப்படிக் கடந்துபோக முடியல. கள்ளச்சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. காரணம், அதுல இருந்த மெத்தனால்.

இது தொழிற்சாலைகள்ல பயன்படுத்தற கரைப்பான். குடிச்சதும் வழக்கமான போதை மாதிரிதான் இருக்கும். கல்லீரல் இதை மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமா மாத்தும். அது பார்வை நரம்பைத் தாக்கும். அதனாலதான் வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் எல்லாம் பல மணி நேரம் கழிச்சு வருது.

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாம மெத்தனால் வெச்சிருக்கறதே குற்றம். கருணாபுரம் சம்பவம் நடந்த அதே மாசம், 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைச் சட்டமன்றம் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனா, காய்ச்சி வித்தவங்களுக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கும். அபராதம் குறைஞ்சது 10 லட்சம் ரூபாய்.

ஆனா, தண்டனை கிடைச்சாலும் போன கண்ணு திரும்ப வராது. குடிச்சவர் 'கண்ணு மங்குது'ன்னு சொன்னா, 'தூங்கி எழுந்தா சரியாகிடும்'னு விடாதீங்க. போலீஸ் கேஸாகிடுமோன்னு தயங்கவும் வேண்டாம். உடனே 108-க்கு போன் பண்ணுங்க. மெத்தனாலுக்கு முறிவு மருந்து இருக்கு. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனாதான் அது உதவும்!