எழுதலும் ஒற்றலும் குத்தலும்: பச்சைக் கோலத்தின் வரலாறு

முன்னுரை

தமிழர் தம் உடம்பிற் கோலம் இட்டுக்கொண்ட வரலாற்றை எழுதப் புகுவோர் பலர், சங்க இலக்கியத்துத் தொய்யிலில் தொடங்கி இக்காலப் பச்சை குத்துதலில் முடிப்பர். இரண்டும் ஒரே கலையின் பழைய வடிவும் புதிய வடிவும் என்பது அவர் கருத்து. இக்கருத்துப் பொருந்துமா என ஆராய்தலும், பச்சை குத்துதலை வளர்த்த உரிமை யாருக்கு உரியது எனத் தெளிதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். தேனி மாவட்டத்துத் தேவாரத்தையும் போடிநாயக்கனூரை அடுத்த ஏலமலைச் சரிவுகளையும் ஆய்வுக்களமாகக் கொண்டோம். ஈண்டுத் தேவாரம் என்றது மூவர் பாடிய திருமுறையை அன்று. உத்தமபாளையம் வட்டத்து மலையடிவார ஊரையே ஆகும்.

மூன்று வினைகள்

உடம்பிற் குறியிடுதலைத் தமிழ் மூன்று வினைகளால் வேறுபடுத்துகின்றது. அவை எழுதுதல், ஒற்றுதல், குத்துதல் என்பன.

தொய்யிலுக்கு உரிய வினை எழுதுதல். குறுந்தொகை 276ஆம் பாட்டில் தலைவன் தலைவியின் மார்பில் தான் எழுதிய தொய்யிலைப் பற்றிப் பேசுகின்றான். கலித்தொகை 111ஆம் பாட்டில் தொய்யில் எழுதட்டுமா எனத் தலைவன் வினவும் செய்தி வருகின்றது. இவ்விடங்களில் ஊசி இல்லை, குருதி இல்லை, நோவு இல்லை. எழுதுவோன் தொழில் வல்லான் அல்லன், காதலன். சந்தனம் முதலியவற்றின் குழம்பால் மகளிர் மார்பிலும் தோளிலும் இடும் கோலமே தொய்யில். அது காய்ந்து உதிரும், நீராடினால் அழியும், மீண்டும் எழுதப்படும். அழியக்கூடியது என்பதே அதற்கு அகப்பாட்டில் இடந்தந்தது எனலாம்.

ஒற்றுதல் வேறு. திருமாலின் ஆழிப்பொறி தம்மேல் ஒற்றப்பெற்றதைப் பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் குறிக்கின்றார். வைணவர் தீயிற் காய்ச்சிய சங்கு சக்கரப் பொறிகளை இரு தோள்களிலும் ஒற்றிக்கொள்ளும் சடங்கு இன்றும் உண்டு. இதன் கருவி வெம்மை, விளைவு வடு. ஈண்டுச் சாயம் என ஒன்று இல்லை.

குத்துதல் இவ்விரண்டின் வேறாய மூன்றாவது முறை. ஊசி மேற்றோலைக் கடந்து உட்டோலில் கரியை வைக்கின்றது. மேற்றோல் நாடோறும் தேய்ந்து உதிர்ந்து புதிதாகும் இயல்புடையது. ஆதலின் அதன்மேல் எழுதியது நில்லாது. உட்டோலிற் புகுந்த கரித்துகளை ஆங்குள்ள உயிரணுக்கள் விழுங்கிப் பற்றிக்கொள்கின்றன. அதனால் குத்தியது உடம்புள்ளளவும் நிற்கின்றது.

இங்ஙனம் பொருளும் கருவியும் விளைவும் வேறாதலின், தொய்யிலே பச்சையாயிற்று என்றல் பொருந்தாது. தொய்யிலைச் சான்று காட்டிச் சங்கத் தமிழர் பச்சை குத்தினர் என்றலும் இயலாது. அதேபோழ்து, பாட்டில் வாராமை ஒன்றே கொண்டு அக்காலத்தில் இவ்வழக்கமே இல்லை எனத் துணிதலும் ஆகாது. இலக்கியம் பாடியது எழுதுதலை. குத்துதலின் வரலாற்றை நாம் வேறிடத்தில் தேடல் வேண்டும்.

பச்சை என்னும் பெயர்

குத்தப்படுவது கரி, பெயரோ பச்சை. இஃது எற்றுக்கு? பச்சிலைச் சாறு சேர்த்தலால் பெயர் வந்தது என்பர் சிலர். இலை சேர்வது உண்மையே. எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புகளில் மை செய்யும் முறையைக் கூறியுள்ளார். மஞ்சட்பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்துத் துணியிற் பூசுவர். அத்துணியைத் திரியாக்கி ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். மேலே கவிழ்த்த புதுச்சட்டியிற் படியும் கரியை எடுத்துத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். ஆயின், எரிந்தபின் இலையின் பசுமை எஞ்சுவதில்லை; எஞ்சுவது கரியே. உட்டோலிற் கிடக்கும் கரியை நாம் மேற்றோலின் ஊடாகக் காண்கின்றோம். ஒளி தோலிற் சிதறி மீளுங்கால் கருமை நீலமும் பசுமையும் கலந்த நிறமாகத் தோன்றுகின்றது. எனவே பெயர் இலையால் வந்ததன்று. கண்ணுக்குத் தோன்றும் நிறத்தால் வந்தது என்பதே எம் துணிபு.

இப்பெயர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கர் இதனைப் பச்சபொட்டு என்பர். கன்னடர் ஹச்செ என்பர். கன்னடத்தில் மொழிமுதற் பகரம் ஹகரமாகத் திரிதல் பத்தாம் நூற்றாண்டையொட்டித் தொடங்கிப் பின்னர்ப் பரவிய மாற்றம். பச்செ என்பதே ஹச்செ என நின்றது. அம்மாற்றம் முற்றுப்பெறுமுன்னரே இச்சொல் ஆங்கு வழங்கியிருத்தல் கூடும் எனக் கருத இடமுண்டு. மூன்று மொழியாரும் ஒரே நிறத்தாற் பெயரிட்டமை, தொழிலும் பெயரும் ஊர்விட்டு ஊர் சென்றமையைக் காட்டுகின்றது.

குத்துவோர்

ஊர்விட்டு ஊர் கொண்டுசென்றோர் குறவர் குலப் பெண்டிர். தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல், பச்சை குத்தி என்பதைத் தொழிலாற் பெயர் பெற்ற குறவர் பிரிவாகக் கூறுகின்றது. தெலுங்கு நாட்டில் இத்தொழில் செய்வோர்க்கும் பச்சையின் பெயரே வழங்கியதைச் சுட்டுகின்றது. குத்துங்கால் நோவு தோன்றாதிருக்கப் பாட்டிசைப்பது இவர் வழக்கம். குறவஞ்சி நூல்கள் குறத்தியைக் குறி சொல்பவளாகவே அரங்கேற்றின. குறி என்னும் சொல் நிமித்தத்தையும் அடையாளத்தையும் உணர்த்தும். அவள் கை பார்த்துச் சொன்ன குறியைப் புலவர் பாடினர். அதே கையில் அவள் குத்திய குறியைத் தமிழாராய்ச்சி பெரிதும் கருதவில்லை.

எங்கும் குறத்தியரே குத்தினர் என்றல் பிழை. நீலகிரித் தோடருள் தோடப் பெண்ணே மரமஞ்சள் முள்ளால் புள்ளிகளும் வட்டங்களும் குத்தினாள். ஆங்கு அது குடிக்குள் நிகழ்வது. சமவெளியில் அது வழிவந்த பெண்ணிடம் கைநீட்டிப் பெறுவது.

கையிலுள்ள கோலம்

தேவாரம், போடி, கம்பம் பகுதிப் பெண்கள் விடியுமுன் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வர். அவருள் முதியோர் கைகளில் நாம் கண்டவை பெரும்பாலும் நான்கு வகையின: புள்ளிக்கோலம், தேள், பூ அல்லது பறவை, பெயர். நெற்றியிற் பொட்டும் கன்னத்தில் ஒற்றைப் புள்ளியும் சிலரிடம் உண்டு. கூலி காசாக அன்றித் தவசமாகவும் பழந்துணியாகவும் தரப்பட்டது என்றனர்.

வாயிற் கோலத்தில் கோடு புள்ளியைச் சூழ்ந்து வரும். பச்சையில் கோடே புள்ளிகளின் வரிசை. ஊசி இழுக்காது, குத்தும். ஆதலால் வளைவு ஒவ்வொன்றும் பல குத்துகளாற் கட்டப்படுகின்றது. வாயிற் கோலத்தையும் கைக்கோலத்தையும் ஒப்பிட்டு ஜான் லேயார்டு 1937இல் ஃபோக்லோர் இதழில் ஆராய்ந்தார். பசிபிக் பெருங்கடலின் மலெக்குலாத் தீவினர் மணலில் வரையும் கோலத்தோடும் இறந்தார் உலகு பற்றிய அவர் நம்பிக்கையோடும் அவற்றைத் தொடர்புபடுத்தினார். அவ்வளவு தொலைவு செல்லாமலே ஒன்று கூறலாம். நகை அனைத்தும் சுடுகாட்டிற் கழற்றப்படும், பச்சை ஒன்றே உடன்வரும் என்பது இப்பெண்டிர் நம்பிக்கை. வறியோர்க்கு இஃது அடகு வைக்க இயலாத அணி.

பெயர்கள் தனியே கருதத்தக்கன. கணவன் பெயரை வாயாற் சொல்லாத வழக்குடைய தலைமுறையினர் கையில் அப்பெயர் எழுத்தாக நிற்கின்றது. எழுத்தறியாதார் சுமக்கும் எழுத்து இது.

அரசின் ஊசி

விருப்பத்தோடு ஏற்ற குறி ஒன்று. வலிந்து இட்ட குறி மற்றொன்று. கிழக்கிந்தியக் கும்பெனியார் வங்காளத்தில் 1797இல் வகுத்த விதிப்படி ஆயுள் தண்டனை பெற்றோர் நெற்றியில் குற்றத்தின் பெயரைப் பச்சை குத்தினர். சென்னை மாகாணத்திலும் இம்முறை வழங்கியது. 1849இல் அது நீக்கப்பட்டது. 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. கைரேகைச் சட்டம் என மதுரை, தேனிப் பகுதிகள் நினைவிற்கொண்டுள்ளது இதனையே. குறவர் பலர் இதன்கீழ் அறிவிக்கப்பட்டனர். ஊர்ஊராகச் செல்லுதலே தொழிலாக உடையார்க்கு ஊர்விட்டுச் செல்லுதலே ஐயத்துக்குரிய செயலாயிற்று. சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீங்கியது.

பின்னர்க் கட்சியும் ஊசியை நாடியது. 1972இல் அ.தி.மு.க.வைத் தொடங்கிய எம்.ஜி.ஆர்., கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளுமாறு தொண்டரைக் கேட்டார். 2016இல் ஜெயலலிதாவின் பிறந்தநாளையொட்டிச் சென்னையிற் பெண்கள் பலர் அவர் உருவைக் கையிற் குத்திக்கொண்டனர். இவற்றைக் குத்தியது பெரும்பாலும் மின்பொறி. அப்பொறிக்கு 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி காப்புரிமை பெற்றார். கல்லீரல் அழற்சி பரவும் என அஞ்சி அந்நகர் 1961இல் பச்சை குத்துதலைத் தடுத்து, 1997இல் தடையை நீக்கியது. ஆங்குத் தொழில் தடையைக் கடந்து மீண்டது. கடைகளும் ஏடுகளும் அதன் வரலாற்றைக் காத்தன. நம் நாட்டிற் குறத்தியர் தொழில் நலிந்தபோழ்து அதனைக் காக்கக் கடையும் இல்லை, ஏடும் இல்லை.

முடிவுரை

தொய்யில் எழுதப்படுவது, பொறி ஒற்றப்படுவது, பச்சை குத்தப்படுவது. இம்மூன்றையும் ஒன்றாக்குவதால் சங்க இலக்கியத்துக்குப் பெருமை கூடுவதில்லை. குறத்தியர் பல தலைமுறையாக வளர்த்த கலையின் உரிமைதான் மறைகின்றது. அதன் மூலச்சுவடி முதியோர் கைகளே. அவர் மறையுந்தோறும் ஒரு சுவடி அழிகின்றது; படியெடுக்க மறுபிரதி இல்லை. எனவே முதுகலை மாணவர்கள் தத்தம் ஊரிற் காணும் கோலத்தை உரியவர் இசைவு பெற்று வரைந்தெடுத்தலும், குத்தியவர் யார், எவ்வூர்ச் சந்தையில், என்ன பாட்டுப் பாடி, என்ன கூலிக்குக் குத்தினார் எனக் கேட்டெழுதுதலும் வேண்டும். தொய்யிலுக்கு உரை எழுதப் பின்னும் காலம் உண்டு. இதற்கு அத்துணைக் காலம் இல்லை.