பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து

பிள்ளைக்குப் பெற்றோர் வழங்கும் முதற்கொடை அதன் பெயராகும். அப்பெயர் மூன்று அல்லது நான்கு எழுத்துகளுக்கு மேற்படாத எளிய பெயராக இருப்பினும், பிறப்புப் பதிவேட்டில் ஒருவிதமாகவும், பாடசாலை இடாப்பில் இன்னொரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறொரு விதமாகவும் எழுதப்படுவது நம்மிடையே வழமையாகிவிட்டது. "ஓர் எழுத்துத்தானே" என்று நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்தினால் விளையும் அலைச்சலைப் பல ஆண்டுகள் கழித்து அப்பிள்ளையே அனுபவிக்க நேர்கின்றது.

மன்னார்த் தீவிலும் அதனை அண்டிய கரையோரத்திலும் இந்தச் சிக்கல் சற்று ஆழமானது. கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் அயலவர்களாக வாழும் மண் இது. பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் மாந்தையிலும் முசலியிலும் பேசப்படும் மொழி தமிழே. ஆயினும் பிள்ளைகளின் பெயர்கள் தமிழ், வடமொழி, அரபு, இலத்தீன், போர்த்துக்கேயம் எனப் பல ஊற்றுகளிலிருந்து வந்தவை. இவை அனைத்தும் முதலில் தமிழ் எழுத்துக்குள்ளும், பின்னர் சிங்கள எழுத்துக்குள்ளும், ஈற்றில் ஆங்கில எழுத்துக்குள்ளும் புகவேண்டியுள்ளது. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு பிழை நேர இடமுண்டு.

அடிப்படைக் காரணம் எழுத்தின் இயல்பிலேயே இருக்கின்றது. தமிழில் ககரம் முதலிய வல்லின எழுத்துகள் இடத்திற்கேற்ப ஒலி மாறுபவை. தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை இது குறையன்று. சொல்லில் எழுத்து நிற்கும் இடமே ஒலியைக் காட்டிவிடும். பிறமொழிப் பெயர்கள் வரும்போதுதான் இடர் தோன்றுகின்றது. 'பாத்திமா' என்று எழுதுகின்றோம். அதன் முதலெழுத்து ஆங்கிலத்தில் 'எப்' என்பது வீட்டாருக்குத் தெரியும். அப்பெயரைக் கேட்டறியாத ஓர் எழுதுவினைஞர் அதனை 'பி' என்று எழுதிவிட்டால் அவரைக் குறைகூற முடியுமா? சிங்களத்தில் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. ஆகவே தமிழில் மறைந்திருந்த ஐயம் சிங்களத்தில் எழுதும்போது வெளிப்பட்டுவிடுகின்றது. 'பர்ஸானா' என்ற பெயரில் முதலெழுத்து 'எப்' அல்லது 'பி' ஆகலாம். நடுவெழுத்து 'எஸ்' அல்லது 'இஸட்' ஆகலாம். ஒரே பிள்ளைக்கு நான்கு வடிவங்கள் இவ்வாறு பிறந்துவிடுகின்றன.

தமிழ்ப் பெயர்களும் இதற்கு விலக்கல்ல. 'தர்சினி' என்ற பெயரின் முதலெழுத்தை 'டி' என்று மட்டும் எழுதுவோரும் உளர். 'டி, எச்' என்போரும், 'ரி, எச்' என்போரும் உளர். இலங்கை வழக்கில் பின்னையதே அதிகம். பின்னர் ஆங்கில வடிவத்தைப் பார்த்து மீண்டும் தமிழில் எழுதும்போது 'தினேஸ்' என்பவர் 'டினேஸ்' ஆகிவிடுகின்றார். 'யாழினி' ஆங்கிலத்தில் லகரத்துக்குரிய எழுத்தைப் பெற்று, திரும்பி வரும்போது 'யாலினி' ஆகின்றாள். யாழ் என்ற இசைக்கருவி அப்பெயரில் இருந்ததற்கான தடயமே இல்லாமற் போகின்றது.

அரபுப் பெயர்களில் பொருளே மாறிவிடும் அபாயமும் உண்டு. 'ஹலீம்' என்றால் பொறுமையுடையவர். 'அலீம்' என்றால் நன்கறிந்தவர். 'கலீம்' என்றால் உரையாடுபவர். மூன்றும் நற்பெயர்களே. ஆனால் அவை மூன்று வெவ்வேறு பெயர்கள். ஹகரத்தைத் தவிர்க்கும் ஒருவர் முதற்பெயரை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எழுதிவிட வாய்ப்புண்டு. பிள்ளை பிறந்த ஏழாம் நாளில் அகீகா கொடுத்து, பொருளறிந்து பெயர் சூட்டிய குடும்பத்துக்கு இது சிறு விடயமன்று.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த விரும்புகின்றோம். ஒரு பெயர் பல வடிவங்களில் வழங்குவது பிழையன்று. ஒரே ஆளின் ஆவணங்களில் பல வடிவங்கள் இருப்பதே பிழை. மன்னாரின் கதையே பெயர்கள் உருமாறிய கதைதான். முஸ்லிம் வீட்டில் 'யாகூப்' எனப்படும் பெயரே கத்தோலிக்க வீட்டில் 'யாக்கோபு' என வழங்குகின்றது. போர்த்துக்கேயர் வழியாக வந்து 'சந்தியோகு' என்றும் ஆயிற்று. 'யூசுப்', 'யோசேப்பு', 'சூசை' ஆகிய மூன்றும் ஒரு வேரின. 'மர்யம்', 'மரியா' இரண்டும் ஒரே அன்னையின் பெயரே. மன்னார் மறைமாவட்டத்தின் முன்னாள் ஆயர் அமரர் இராயப்பு யோசேப்பு அவர்களின் பெயரைப் பத்திரிகைகள் 'யோசேப்பு' என்றும் 'ஜோசப்' என்றும் எழுதிவந்துள்ளன. அவரை அறியாதவர் இல்லாமையால் அதனால் இடர் எழவில்லை. எவரும் அறியாத ஒரு மீனவரின் மகளுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. அவளை அலுவலகத்துக்கு அறிமுகப்படுத்துவது அவளது ஆவணம் மட்டுமே.

பிழை எங்கே தொடங்குகின்றது? 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிறப்பு 42 நாட்களுக்குள் பதியப்படவேண்டும். முஸ்லிம்கள் ஏழாம் நாளிலும், இந்துக்கள் பெரும்பாலும் முப்பத்தோராம் நாளிலும், கத்தோலிக்கர் திருமுழுக்கின்போதும் பெயரை உறுதிசெய்கின்றனர். பதிவாளரிடம் செல்பவர் பல வேளைகளில் தந்தையோ பாட்டனாரோ உறவினரோ ஆவார். அவர் பெயரை வாயாற் சொல்கின்றார். பதிவாளர் தாம் கேட்டபடி எழுதுகின்றார். எழுதியதை வாசித்துப் பார்க்காமலே கையொப்பம் இடப்படுகின்றது. திருமுழுக்குப் பதிவேட்டில் புனிதரின் பெயருடன் ஒருவிதமாகவும், அரச பதிவேட்டில் வீட்டுப் பெயருடன் இன்னொரு விதமாகவும் பெயர் அமைந்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது கட்டம் ஆங்கில எழுத்துக்கூட்டல். வடக்கில் நீண்டகாலமாகப் பிறப்புப் பதிவுகள் தமிழிலேயே இருந்துவந்துள்ளன. ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவது என்று எவரும் எழுதிவைப்பதில்லை. பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் வேளையில் ஓர் ஆசிரியர் தமக்குத் தெரிந்தபடி எழுதுகின்றார். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இன்னொருவர் எழுதுகின்றார். கடவுச்சீட்டு எடுக்கும்போது மற்றுமொருவர் எழுதுகின்றார். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினர். ஆனால் கணினிக்கு நல்லெண்ணம் தெரியாது. ஓர் எழுத்து வேறுபட்டால் அது வேறொருவரின் பெயர். வெளிநாட்டு வேலைவாய்ப்பு, பல்கலைக்கழக அனுமதி, வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, காணி உறுதி என எங்கு சென்றாலும் "இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்" என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிய நிலை ஏற்படுகின்றது.

வடக்கின் அண்மைக்கால வரலாறு இச்சிக்கலை மேலும் கூர்மையாக்கியுள்ளது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து சென்ற குடும்பங்கள் பலவும் புத்தளத்தில் அகதிகளாயின. 2009 வரை நீடித்த போரில் தமிழ்க் குடும்பங்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. கையில் எடுத்துச்சென்ற பத்திரங்கள் மிகச் சில. தந்தையின் உறுதி மன்னாரிலும், மகனின் பிறப்புப் பதிவு புத்தளத்திலும் எழுதப்பட்டிருக்கும்போது, இரண்டிலும் தந்தையின் பெயர் வேறுபடின், மகனே அவரது வாரிசு என்று நிறுவுவது எளிதன்று. 'முஹம்மது', 'முகம்மது', 'மொஹமட்' என்ற வேறுபாடு உறவினருக்கு வேறுபாடே அல்ல. காணி உரிமையை ஆராயும் அலுவலருக்கு அது கேள்வியாகின்றது.

இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. இங்கிலாந்தும் வேல்சும் பிள்ளைகளின் பெயர்களைக் கணக்கிடும்போது நபிகளாரின் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் தனிப்பெயராகவே கொள்கின்றன. 2023ஆம் ஆண்டில் அவற்றுள் ஒரு வடிவம் ஆண்பிள்ளைகளின் பெயர்களுள் முதலிடத்தைப் பெற்றது. தமிழ்நாட்டு அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, விமர்சனங்கள் எழுந்ததும் சில நாட்களிலேயே மீளப்பெற்றது. தமிழை ஆங்கிலத்தில் எழுத அனைவரும் ஏற்ற ஒரே முறை இல்லை என்பதே இதனாற் பெறப்படும் பாடம். பொதுமுறை இல்லாதபோது, ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு வடிவத்தை உறுதிசெய்து, அதனை மாற்றாமற் பேணுவதே வழி.

பெற்றோர் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. பதிவுக்குச் செல்லுமுன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், இயலுமாயின் சிங்களத்திலும், தெளிவாக ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அரபுப் பெயராயின் மௌலவி ஒருவரிடமும், திருமுழுக்குப் பெயராயின் பங்குத்தந்தையிடமும் காட்டிச் சரிபார்க்கலாம். வாயாற் சொல்லாது அத்தாளையே பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கையொப்பம் இடுமுன் எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் தெரிந்தவரை அழைத்துச் செல்வதில் வெட்கமில்லை. அந்தத் தாளைப் பிறப்புச் சான்றிதழுடன் சேர்த்து வைத்து, பாடசாலை அனுமதி முதல் கடவுச்சீட்டு வரை அதனையே பார்த்து எழுத வேண்டும். பிழை நேர்ந்திருப்பின் பிள்ளை சிறுவயதில் இருக்கும்போதே பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவை நாடுதல் நன்று. பரீட்சைச் சான்றிதழும் அடையாள அட்டையும் வந்தபின் திருத்தவேண்டிய ஆவணங்களின் எண்ணிக்கை பெருகிவிடும்.

அலுவலகங்களுக்கும் கடமை உண்டு. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் ஏழாம் உறுப்புரை பெயர் பெறுதலைப் பிள்ளையின் பிறப்புரிமை என்கின்றது. எட்டாம் உறுப்புரை பெயர் உள்ளிட்ட அடையாளத்தைப் பேணும் உரிமையை வலியுறுத்துகின்றது. பெயரைப் பிழையாக எழுதிக் கொடுத்துவிட்டு, திருத்தம் கோரி வருபவரைப் பலமுறை அலையவிடுவது அவ்வுரிமைக்கு இசைவானதன்று. நடமாடும் சேவைகள் நடைபெறும்போது பெயர்த் திருத்தத்துக்கென ஒரு மேசை ஒதுக்கப்படுமாயின், நாளாந்தக் கூலியை இழந்து நகருக்கு வரவேண்டிய கரையோர மக்களுக்குப் பேருதவியாக இருக்கும். பாடசாலை அதிபர்கள் முதலாம் தரத்தில் அனுமதிக்கும்போதே ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெற்றோரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்வதும் பயன் தரும்.

போர், இடப்பெயர்வு, கடல் என்று நம் கையை மீறிய காரணங்களால் மன்னார் மக்கள் இழந்தவை பல. பெயரில் நேரும் பிழை அத்தகையதன்று. ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் சிறிது கவனமும் இருந்தால் தடுக்கக்கூடியது அது. ஆகவே இவ்வாண்டு பிறக்கும் பிள்ளைகளின் பெயர்களையாவது பிழையின்றிப் பதிவுசெய்ய நாம் முன்வருவோம்.