மிளா கத்தினால் ஆடுகள் பத்திரம்!

குற்றாலம், மேக்கரை, வடகரை, புளியரைப் பகுதிகளில் மலையடிவாரத்தில் ஆடு வளர்ப்போருக்குச் சிறுத்தை பயம் உண்டு. சிறுத்தை ஓசையின்றி வரும். ஆனால் அதைக் கண்ட விலங்குகள் சும்மா இருப்பதில்லை.

மந்தி மரத்திலிருந்து இருமுவதுபோல் விடாமல் குரைக்கும். புள்ளிமான் கீச்சுக் குரலில் கத்தும். மிளா முன்காலைத் தரையில் உதைத்து, உரத்த ஒற்றைக் குரல் கொடுக்கும்.

எல்லாக் குரலையும் ஒன்றுபோல் நம்பக்கூடாது. புள்ளிமான் சிறு சலசலப்புக்கும் மிரளும். மழைக்காலத்தில் மயில் காரணமின்றியும் அகவும். மிளா எளிதில் கத்தாது. அது திரும்பத் திரும்பக் கத்தினாலோ, இரண்டு மூன்று வகை விலங்குகள் ஒரே பக்கத்தில் கத்தினாலோ சிறுத்தை அருகில் இருப்பதாகக் கொள்ளவேண்டும். குரல் நின்றால் ஆபத்து நீங்கியதாக எண்ணவேண்டாம். சிறுத்தை அவற்றின் பார்வையிலிருந்து மறைந்திருக்கலாம். யானை வருவதை இக்குரல்களால் அறிய இயலாது; கிளை முறியும் ஓசையைக் கவனியுங்கள்.

குரல் கேட்ட பக்கம் வேடிக்கை பார்க்கச் செல்லாதீர்கள். சிறுவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். ஆடுகளைத் திருப்பி ஓட்டி, இருட்டுமுன் கூரையுள்ள கொட்டிலில் அடையுங்கள். சிறுத்தை வேலி ஏறிக் குதிக்கும். ஆடு அடிபட்டால் உடலை அப்புறப்படுத்தாமல் வனத்துறைக்குத் தெரிவித்து நிவாரணம் கோரலாம்.