யானையின் மறைந்த சுற்றம்

திருவிழாவில் யானையைக் கண்டு வீடு திரும்பும் பிள்ளை, "யானைக்குப் பாட்டன் யார்?" என்று கேட்குமாயின், பெரியோர் பலர் தயங்காது கூறும் விடை "மாமூத்" என்பதாகும். நீண்ட உரோமமும் வளைந்த தந்தமும் கொண்டு பனிவெளியில் நிற்கும் அவ்விலங்கைப் படப் புத்தகங்களிற் பிள்ளையும் கண்டிருக்கும். விடை எளிது, ஆயினும் தவறு. மாமூத் இன்றைய யானைக்குப் பாட்டனன்று, ஒன்றுவிட்ட சகோதரனே.

இவ்வேறுபாடு சிறியதன்று. பாட்டன் மறையப் பேரன் வாழ்வது உலக இயல்பு. அதில் வியப்பதற்கும் வருந்துவதற்கும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒரே காலத்தில் வாழ்ந்த சகோதரன் சந்ததியின்றி மறைந்தான் என்றாலோ, "ஏன்?" என்னும் வினா தானாகவே எழும். அவ்வினாவை எழுப்புவதே இப்பாடத்தின் பயன்.

ஆகவே, பிள்ளைக்கு முதலில் வரைந்து காட்டவேண்டியது ஏணியன்று. கிளைகள் பல விரிந்த மரம். அடிமரத்தை அடுத்த ஒரு சிறு கிளையில், ஏறக்குறைய 3 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் வாழ்ந்த மொயரிதீரியத்தை வைக்கலாம். அது பன்றியளவான விலங்கு. இன்றைய யானையைப் போன்ற தும்பிக்கை அதற்கு இல்லை. வேறொரு கிளையில் டைனோதீரியம். அதன் தந்தங்கள் கீழ்த்தாடையிலிருந்து நிலத்தை நோக்கி வளைந்திருந்தன. மற்றொரு கிளையில் அமெரிக்காவின் மாஸ்டொடன். அது யானைக் குலத்திலிருந்து பிரிந்து 2 கோடி ஆண்டுகளுக்கு மேலாயின. உச்சிக் கிளையில் ஆபிரிக்க யானை, ஆசிய யானை, மாமூத் ஆகியன உள. இவற்றுள் ஆசிய யானைக்கு மிக நெருங்கிய உறவு மாமூத்தே; ஆபிரிக்க யானை சற்றுத் தூரத்து உறவு என்பது மரபணு ஆராய்ச்சியால் தெளிவாகியுள்ளது.

இவ்வுறவைச் சொல்லால் விளக்குவதினும் பல்லால் விளக்குதல் எளிது. யானையின் தாடையில் ஒவ்வொரு பக்கத்திலும் வாழ்நாள் முழுவதற்குமாக 6 கடைவாய்ப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிப் பின்னிருந்து முன்னோக்கி நகர்கின்றன. அப்பல்லின் முகம் புதிதாகக் கொத்திய அம்மியைப் போல வரிவரியாக இருக்கும். மாமூத்தின் பல்லும் அத்தகையதே. புல்லை அரைப்பதற்கு ஏற்றது. மாஸ்டொடனின் பல்லிலோ கூம்பு கூம்பாக மேடுகள் எழுந்திருக்கும். அது இலையையும் சுள்ளியையும் நசுக்கி உண்டது. களிமண்ணால் இவ்விரு பற்களையும் பிள்ளைகளே செய்து பார்ப்பாராயின், பல்லிலிருந்து உணவையும், உணவிலிருந்து அவ்விலங்கு வாழ்ந்த நிலத்தையும் உய்த்துணரும் வழி அவர்களுக்குப் புலப்படும்.

இவ்வழியிற் சென்றே ஒரு பேருண்மை நிலைநாட்டப்பட்டது. சைபீரியாவின் உறைந்த மண்ணில் வெளிப்பட்ட பெரும் எலும்புகளைக் கண்டு, மண்ணுக்குள் வளைதோண்டி வாழும் ஒரு பேருயிரின் எலும்புகள் அவை என அந்நாட்டு மக்களிற் சிலர் நம்பினர். வெள்ளத்தால் அடித்துவரப்பட்ட யானைகளின் எலும்புகள் என்றனர் வேறு சிலர். 1796ஆம் ஆண்டு, பரிஸ் நகரில், ஜோர்ஜ் குவியே என்னும் 26 வயது அறிஞர் இரு யானை மண்டையோடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒல்லாந்தரின் சேகரிப்பிலிருந்து அங்கு கொண்டுவரப்பட்ட அவற்றுள் ஒன்று நன்னம்பிக்கை முனையிலிருந்து சென்றது. மற்றையது இலங்கையிலிருந்து சென்றது. அவ்விரண்டும் வெவ்வேறு இனம் எனக் கண்ட குவியே, சைபீரிய விலங்கு இவ்விரண்டிலும் சேராதது என்றும், அது உலகில் இன்று எங்குமே இல்லை என்றும் முடிவு செய்தார். ஓர் இனம் அடியோடு அற்றுப்போகக்கூடும் என்பதை அறிவுலகம் ஏற்பதற்கு அவ்வாராய்ச்சி வழிவகுத்தது. அதில் இலங்கை யானைக்கும் பங்குண்டு என்பதை இந்நாட்டுப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

எலும்பு மட்டுமே போதாதெனின், லியூபாவின் கதையைக் கூறலாம். 2007ஆம் ஆண்டு, சைபீரியாவின் யமால் குடாநாட்டில், கலைமான் மேய்ப்பவர் ஒருவர் ஒரு மாமூத் கன்றின் உடலைக் கண்டார். பிறந்து ஏறக்குறைய ஒரு மாதமே ஆன பெண் கன்று அது; இறந்து 40,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் உறைபனியிற் கெடாதிருந்தது. அதன் வயிற்றில் தாய்ப்பாலின் எச்சமும், தும்பிக்கையில் சேறும் இருந்தன. சேற்றில் மூழ்கி மூச்சடைத்து இறந்த அக்கன்றின் கதையைக் கேட்ட பிள்ளைக்கு, மாமூத் படப் புத்தகத்துப் பூதமாகத் தோன்றாது.

காலத்தின் அளவையும் உணர்த்தல் வேண்டும். வட சமுத்திரத்திலுள்ள வ்ராங்கெல் தீவில் மாமூத்துகள் ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்தன. எகிப்தின் பெரும் பிரமிட்டு எழுந்தபோது அவை இன்னும் மேய்ந்துகொண்டிருந்தன. குளிருக்கு ஏற்ற உரோமமும், உடற்சூட்டை இழக்காத சிறு செவிகளும் பெற்ற அவ்வினம் தகுதியின்மையால் அழியவில்லை. பனியுகம் முடிந்து புல்வெளிகள் சுருங்கின. மனிதரின் வேட்டையும் பெருகிற்று. இவற்றுள் எது பெருங் காரணம் என்பது பற்றி அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கைத் தீராததென்றே பிள்ளைக்குக் கூறுதல் நல்லாசிரியர்க்கு அழகு.

விரிந்திருந்த அம்மரத்தில் இன்று தளிர்த்து நிற்பவை மூன்று இனங்களே: ஆபிரிக்காவில் இரண்டு, ஆசியாவில் ஒன்று. இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் மனிதரோடு நேரும் மோதலில் மடிகின்றன. யானையால் உயிரிழக்கும் உழவரும் பலர். மாமூத்தின் கதையைக் கற்ற பிள்ளை, அடுத்த திருவிழாவில் யானையைக் காணும்போது, பெருங் குடும்பம் ஒன்றில் எஞ்சியிருக்கும் சிலருள் ஒருவர் தன் முன்னே நடந்து செல்வதை உணரும். மறைந்த சுற்றத்தைப் பற்றிக் கற்பது, இருக்கும் சுற்றத்தைக் காப்பதற்கே.