புதிய டிஸ்ரிபியூட்டரின் குற்றம் ஆராயுமாறு

பழுதுற்ற உறுப்பைக் கழற்றிப் புதியதொன்றைப் பூட்டிய பின்னரும் எஞ்சின் இயங்காதாயின், "புதியது பழுதாயிராது" எனத் துணிந்து, கொயில், பிளக், காபரேற்றர் என ஒவ்வொன்றாய் மாற்ற முற்படுவோர் பலர். இதனாற் பொருட்செலவு மிகுமேயன்றிக் குற்றம் நீங்குவதில்லை. புதுமை ஓர் உறுப்பின் வயதைக் காட்டுமேயன்றி அதன் நலத்தைக் காட்டாது. மறுதலையாக, "பூட்டியபின் நின்றது, ஆதலாற் பூட்டியதே குற்றமுடையது" என்பதும் முடிந்த முடிபாகாது. அது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகவும் அமையலாம். ஆகவே, முறையான சோதனை வேண்டும்.

ஈழத்துத் தெருக்களில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் வண்டியை எடுத்துக்கொள்வோம். பற்றரியின் 12 வோல்ற்று மின்னோட்டம் கொயிலின் முதற்சுற்று வழியே சென்று, டிஸ்ரிபியூட்டரினுள் உள்ள பொயின்ற் எனும் தொடுமுனைகளைக் கடந்து எஞ்சினுடலை அடைகின்றது. தொடுமுனைகள் விலகுங் கணத்தில் அவ்வோட்டம் அறுபட, கொயிலின் துணைச்சுற்றிற் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தம் தோன்றும். அதனைச் சுழலும் றோட்டர் உரிய உருளையின் பிளக்குக்குச் செலுத்தும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுங்கால் டிஸ்ரிபியூட்டர் 1,500 முறையே சுழலும். எனினும் சுழற்சிக்கு நான்காகச் செக்கனுக்கு 100 பொறிகளை அது பகிர்தல் வேண்டும். சிறு குறையும் இங்கே பெருங் கேடாவது இதனாலேயே.

முதலில் ஆராயத்தக்கது உறுப்பன்று, அதனைப் பூட்டிய முறையே. முதலாம் உருளையின் ஆடுதண்டு ஒரு வட்டத்தில் இருமுறை உச்சியை அடையும்: ஒன்று அமுக்க அடிப்பின் முடிவில், மற்றது வெளியேற்ற அடிப்பின் முடிவில். முன்னையதன்போதே றோட்டர் முதலாம் பிளக்கின் வயரை நோக்கி நிற்றல் வேண்டும். இவ்வெஞ்சினில் வயர்கள் 1, 3, 4, 2 என்னும் ஒழுங்கில், றோட்டர் சுழலும் இடஞ்சுழித் திசையில் அமைதல் வேண்டும். தொடுமுனைகள் முற்றாக விலகியபோது இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்கலாம். இவையெல்லாம் செவ்வையாயிருந்தும் குற்றம் நிலைக்குமாயின் மேலே செல்க.

அடுத்து ஒரு 12 வோல்ற்றுச் சோதனை விளக்கு. சுவிச்சிலிருந்து மின் வருங் கொயில் முனையில் விளக்கு எரிதலை முதலில் உறுதிசெய்க. பின்னர் அதனை டிஸ்ரிபியூட்டர் வயர் பொருந்தும் முனைக்கும் எஞ்சினுடலுக்கும் இடையே இணைத்து, எஞ்சினைக் கையாற் சுழற்றுக. தொடுமுனைகள் விலகும்போது விளக்கு எரிந்து, சேரும்போது அணைதல் வேண்டும். எப்போதும் எரியின், தொடுமுனைகள் அழுக்குற்றன, அல்லது உள்ளே எஞ்சினுடலோடு இணைக்குஞ் சிறு வயர் அறுந்துள்ளது. ஒருபோதும் எரியாதாயின், டிஸ்ரிபியூட்டர் வயரை அம்முனையினின்று கழற்றுக. உடனே எரியுமாயின், குறுக்கோட்டம் அவ்வயரிலோ டிஸ்ரிபியூட்டரின் உள்ளேயோ உளதென்பது தெளிவு.

விளக்கு முறையாக எரிந்தணைந்தும் பொறி மெலிந்திருப்பின், தொடுமுனைகளை நோக்குக. அங்கே பெரிய பொறி பறக்குமாயின் கொண்டென்சரை ஐயுறல் வேண்டும். கொயிலினின்று வரும் வயரிற் பொறி வலிதாயிருந்தும் பிளக்குகளில் இல்லையாயின், மூடியின் கீறலையும் அதன் நடுவிலுள்ள கரித்துண்டையும் றோட்டரையும் ஆராய்க. கொயில் வயரை நன்கு காவலிட்ட இடுக்கியாற் பிடித்து, றோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு மேல் சிறிது உயர்த்தி, தொடுமுனைகளை விலக்குக. பொறி மீண்டும் மீண்டும் தகட்டிற் பாயின், றோட்டர் மின்னைத் தண்டுக்குக் கசியவிடுகின்றது. பெற்றோல் ஆவி உள்ள இடத்தில் இச்சோதனை கூடாது.

எஞ்சின் நின்றநிலையில் நன்றாக ஓடியும் ஏற்றத்தில் வலிகுன்றுமாயின், பொறிக்காலத்தை முற்படுத்தும் எடைகளும் விற்சுருள்களும் அவ்வெஞ்சினுக்குப் பொருந்தாதனவாயிருக்கலாம். தண்டு பக்கவாட்டில் ஆடுமாயின் பொறிக்காலமும் நிலைபெறாது.

இறுதிச் சோதனை அளவை நூலார் கூறும் அந்வய வியதிரேக முறையே. பழைய கொண்டென்சரும் றோட்டரும் அளவிற் பொருந்துமாயின், அவற்றை ஒவ்வொன்றாகப் புதியதில் இட்டுப் பார்க்க. ஒருங்கே இரண்டை மாற்றின், எதனாற் குற்றம் நீங்கியதென அறியமுடியாது. ஒன்றை நீக்கியபோது குற்றம் நீங்கி, மீண்டும் இட்டபோது மீண்டுந் தோன்றுமாயின் காரணம் நிறுவப்பட்டது. ஆதலின், புதியது செவ்வனே இயங்கும்வரை பழையதை எறிதல் ஆகாது.

இக்கால வண்டிகளில் டிஸ்ரிபியூட்டர் இல்லை. உருளைதோறுங் கொயில் அமைய, கணினியே பொறிக்காலத்தை வகுக்கின்றது. எனினும் மாற்றிய உறுப்பை நம்பாமலும் பழியாமலும் சோதிக்கும் முறை மாறவில்லை. வாடகை வண்டியோட்டி ஒருவரின் நாட்கூலி அதனிலே தங்கியிருக்கின்றது. சோதனை முடிவோடு கடைக்குச் செல்பவரே குற்றமுள்ள பொருளைத் துணிவோடு திருப்பிக் கொடுக்க வல்லவர்.